காற்றைத் தின்னும் பொடி என்ஜின்கள்

அடி அண்ணாமலையில் ரிமோட் கார் பந்தயம் நடக்கிறதா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், மலைக்குப் பின்பக்கம் இருக்கிற ஊர் அது. ஆதி அண்ணாமலையார் கோயில், மாணிக்கவாசகர் சன்னதி, பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் கால்கள். மற்ற நாள்களில் மல்லாட்டைக் கொல்லையும் மாடுகளும். ஆனாலும் ரிமோட் கார்களில் பெட்ரோல் என்ஜின், நைட்ரோ என்ஜின் என்று இரண்டு சாதி உண்டே, அந்த இரண்டுக்கும் இந்த ஊரோடு ஒரு தொடர்பு இருக்கிறது. பாதையோரப் புல்லை வெட்டுகிறவர் தோளில் மாட்டியிருக்கும் பிரஷ் கட்டர் ஒன்று. வறண்ட நிலத்தின் வரப்போரம் நிற்கும் ஆமணக்குச் செடி இன்னொன்று.

ஆமணக்குக்குப் பிறகு வருவோம். முதலில் அந்தப் புல் வெட்டும் மெஷின்.

கயிற்றை ஒரு இழு இழுத்தால் உறுமிக் கிளம்புகிறதே, அதில் பேட்டரி கிடையாது. சுழலும் ஃப்ளைவீலின் விளிம்பில் ஒரு காந்தம் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது ஒரு சுருளைக் கடந்து போகும்போது பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் பிறந்து ஸ்பார்க் பிளக்கில் பொறியாகத் தெறிக்கிறது. மேக்னெட்டோ என்பது இதுதான். மெஷின் தன் பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது அதன் கார்புரேட்டர். பைக்கின் கார்புரேட்டரில் பெட்ரோல் ஒரு சின்னத் தொட்டியில் நிற்கும், அதன் மேல் ஒரு மிதவை. பைக்கைப் படுக்கப் போட்டால் பெட்ரோல் வழிந்துவிடும். பிரஷ் கட்டரையோ மரம் அறுக்கும் செயின் ஸாவையோ அப்படி நேராகப் பிடித்து வேலை செய்ய முடியாது. சாய்ப்பார்கள், தூக்குவார்கள், தலைகீழாகக்கூடத் திருப்புவார்கள். அதனால் மிதவையை எடுத்துவிட்டு ஒரு மெல்லிய சவ்வை வைத்தார்கள். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது என்ஜினின் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி இறங்குகிறது அல்லவா, அந்தத் துடிப்பே சவ்வை ஆட்டி டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி ஏற்றுகிறது. தனி பம்ப் கிடையாது, மேல் கீழ் என்ற பேதமும் கிடையாது.

மேடு பள்ளத்தில் குதித்து, காற்றில் புரண்டு, கவிழ்ந்து எழும் பந்தயக் காருக்கு வேறென்ன வேண்டும்? தோட்ட மெஷின்களுக்காக ஜப்பானின் ஜெனோவா கம்பெனி செய்துவந்த 23 சி.சி., 26 சி.சி. என்ஜின்கள் அப்படித்தான் ரிமோட் கார்களுக்குள் குடிபெயர்ந்தன. நிஜக் காரின் ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள கார்கள் அவை. ஏறத்தாழ முக்கால் மீட்டர் நீளம், பத்து கிலோவுக்கு மேல் எடை. இழுகயிறு, மேக்னெட்டோ, சவ்வுக் கார்புரேட்டர், ஐடிலில் இருக்கும்போது பிளேடு சுற்றாமல் காக்கும் மையவிலக்குக் கிளட்ச் எல்லாம் அப்படியே வந்துவிட்டன. குடிப்பதும் பங்கில் போடும் அதே பெட்ரோல்தான். டூ-ஸ்ட்ரோக் என்பதால் அதில் 25 பங்குக்கோ 40 பங்குக்கோ ஒரு பங்கு ஆயிலைக் கலக்க வேண்டும், அவ்வளவுதான்.

நைட்ரோ கார் வேறு பிறவி. எட்டில் ஒரு பங்கு அளவு, மூன்றரை கிலோவுக்குள் எடை. என்ஜின் கொள்ளளவு வெறும் 3.5 சி.சி. தேக்கரண்டி ஒன்றில் 5 சி.சி. பிடிக்கும், அதிலும் குறைவு. இத்தனூண்டு என்ஜின் இரண்டரைக் குதிரைத்திறன் தருகிறது என்று தயாரிப்பாளர்கள் விளம்பரம் செய்கிறார்கள். விளம்பரக் கணக்கைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் நம்ப வேண்டும். பாதி பொய் என்றே வைத்துக்கொண்டாலும் மிச்சமிருப்பது வியப்புதான். நம் தெருவில் ஓடும் 100 சி.சி. பைக் தருவது எட்டுக் குதிரைத்திறன். நைட்ரோ என்ஜினின் விகிதத்தில் அந்த பைக் இயங்கினால் எழுபது குதிரைத்திறன் தர வேண்டியிருக்கும்.

இந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? எரிபொருளில் சக்தி அதிகம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நேர் எதிர். ஒரு கிலோ பெட்ரோல் எரிந்தால் 44 மெகாஜூல் வெப்பம் வருகிறது. நைட்ரோ எரிபொருளில் பெரும்பங்கு வகிக்கும் மெத்தனால் ஒரு கிலோவுக்கு 20 மெகாஜூல்தான் தரும். பெயருக்குக் காரணமான நைட்ரோமீத்தேன் தருவதோ சுமார் 11. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பெட்ரோலில் கால் பங்குதான் இருக்கிறது.

புதிரை அவிழ்க்க எரிபொருளை விட்டுவிட்டுக் காற்றைப் பார்க்க வேண்டும்.

அண்ணாமலை உச்சியில் கார்த்திகை தீபம் எரிகிறது. 2,668 அடி உயரத்தில் கொப்பரை, டன் கணக்கில் நெய், காடாத் துணித் திரி. அந்தச் சுடருக்குக் காற்றுக்குப் பஞ்சமே இல்லை, நாலாபக்கமும் வானம். என்ஜினின் சிலிண்டர் மூடிய அறை. ஒரு தடவைக்கு அறை கொள்ளும் அளவு காற்றுதான் உள்ளே போகும், அதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்ஸிஜன். அந்த ஆக்ஸிஜன் தீர்ந்தால் நெருப்பும் தீர்ந்தது. எவ்வளவு பெட்ரோலைக் கொட்டினாலும் எரியாமல் புகையாகத்தான் போகும். கிரிவலப் பாதையில் அக்னி லிங்கமும் உண்டு, வாயு லிங்கமும் உண்டு. என்ஜினுக்கு வாயுவே முதல் தெய்வம்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு ஆறரைக் கிலோ போதும். நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7 கிலோ. காரணம் அதன் மூலக்கூறிலேயே இருக்கிறது. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன், அவற்றோடு இரண்டு ஆக்ஸிஜன். கிரிவலம் வருகிறவர் அன்னதான வரிசையை நம்பாமல் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருவதுபோல, எரிவதற்கான ஆக்ஸிஜனில் ஒரு பகுதியை நைட்ரோமீத்தேன் தானே சுமந்து வருகிறது.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். சிலிண்டருக்குள் வரும் ஒரு கிலோ காற்றைக் கொண்டு எவ்வளவு வெப்பம் எடுக்கலாம்? பெட்ரோலில் 3 மெகாஜூல். மெத்தனாலிலும் ஏறத்தாழ அதேதான், ஒரு பொடி அதிகம். நைட்ரோமீத்தேனிலோ 6-க்கு மேல், அதாவது இரண்டு மடங்குக்கும் அதிகம். அமெரிக்காவின் டிராக் பந்தயங்களில் டாப் ஃப்யூயல் கார்கள் 90 சதவீத நைட்ரோமீத்தேனைக் குடித்துவிட்டுப் பல ஆயிரம் குதிரைத்திறன் காட்டுவதில் இந்தச் சூத்திரத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

நம் ரிமோட் கார் டப்பாவில் அவ்வளவு இருக்காது. பந்தயத்துக்கு வாங்கும் எரிபொருளில்கூட நைட்ரோமீத்தேன் 25 சதவீதம் போலத்தான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு சதவீதம் எண்ணெய், மீதி எல்லாம் மெத்தனால். இந்தக் கலவைக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கில், அதே காற்றில் பெட்ரோலைவிட ஆறில் ஒரு பங்குதான் கூடுதல் வெப்பம் வருகிறது. பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது. பலத்தின் பெரும்பகுதி வேறு இடத்தில் இருக்கிறது, சுழற்சியில்.

23 சி.சி. பெட்ரோல் என்ஜின் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றினால் நொடிக்கு 200 சுற்று. 3.5 சி.சி. நைட்ரோ என்ஜின் 30,000 சுற்றைச் சர்வசாதாரணமாகத் தொடும், நொடிக்கு 500. டூ-ஸ்ட்ரோக் என்பதால் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. காதுக்கும் இது தெரியும்: ஒன்று 200 ஹெர்ட்ஸில் உறுமுகிறது, மற்றது 500 ஹெர்ட்ஸில் கீச்சிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஸ்தாயிக்கும் மேல் இடைவெளி. நைட்ரோ என்ஜின் நொடிக்கு 500 முறை 3.5 சி.சி. காற்றை விழுங்கினால் மொத்தம் 1.75 லிட்டர். விரல் நுனியளவு பிஸ்டன் ஒரு நொடிக்குள் பெரிய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைக் காலி செய்கிறது.

அப்படியானால் பெட்ரோல் என்ஜினும் 30,000 சுற்று சுற்றலாமே? சுற்ற முடியாது. அதில் பிஸ்டன் போய்வரும் தூரம் 28 மில்லிமீட்டர், நைட்ரோவில் 16 மில்லிமீட்டர் அளவு. 30,000 சுற்றில் நைட்ரோ பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16 மீட்டர், கிட்டத்தட்ட மணிக்கு 58 கிலோமீட்டர். பெட்ரோல் பிஸ்டன் அதே சுழற்சியில் ஓடினால் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டியாக வேண்டும். அதுவும் ஒரு நொடிக்கு ஆயிரம் தடவை நின்று திரும்பிக்கொண்டே! கனெக்டிங் ராடு தாங்காது. சின்னதாக இருப்பதே இங்கே வரம்.

மெத்தனாலின் இன்னொரு குணமும் கைகொடுக்கிறது. திரவம் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஒரே எடைக்குப் பெட்ரோலைப் போல மூன்று மடங்கு வெப்பத்தை மெத்தனால் உறிஞ்சுகிறது. எரிவதற்கு முன்பே என்ஜினைக் குளிர்விக்கிறது. இல்லாவிட்டால் இந்தச் சின்ன அலுமினியக் கட்டி ஒரு ரவுண்டுக்குள் வெந்துவிடும்.

இவ்வளவு வேகத்தில் தீ மூட்டுவது யார்? நைட்ரோ என்ஜினில் மேக்னெட்டோ இல்லை, பொறியும் இல்லை. ஒரு பிளக்கின் உள்ளே சுருண்ட மெல்லிய பிளாட்டினக் கம்பி மட்டும் இருக்கிறது. க்ளோ பிளக் என்பார்கள். கிளப்பும்போது ஒன்றரை வோல்ட் பேட்டரியை மாட்டினால் கம்பி சிவந்து ஒளிர்கிறது. என்ஜின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். கம்பி அணையாது!

மின்சாரம் இல்லாமல் கம்பி எப்படி ஒளிர்கிறது? ஒவ்வொரு வெடிப்பின் வெப்பமும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்பது பாதி பதில். மீதி பிளாட்டினத்தின் மாயம். மெத்தனால் ஆவியும் ஆக்ஸிஜனும் பிளாட்டினப் பரப்பைத் தொட்டால் சுடரே இல்லாமல் அங்கேயே வினைபுரிந்து வெப்பம் கக்கும். பிளாட்டினம் செலவாகாது, இடம் மட்டும் கொடுக்கும். 1817-இல் இங்கிலாந்தின் ஹம்ஃப்ரி டேவி, எரியக்கூடிய வாயுவில் சூடான பிளாட்டினக் கம்பியை நீட்டியபோது அது சுடரில்லாமல் ஒளிர்ந்துகொண்டே இருப்பதைக் கண்டார். 1823-இல் ஜெர்மனியின் டூபரைனர் பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனைப் பாய்ச்சித் தானாகப் பற்றிக்கொள்ளும் விளக்கையே செய்துவிட்டார். தீக்குச்சி கடைக்கு வருவதற்கு முந்தைய காலம் அது. 1947 வாக்கில் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் அதே வினையை ஒரு பொம்மை என்ஜினின் தலைக்குள் அடைத்தார். பெட்ரோலுக்கு இந்த வித்தை பலிக்காது. பிளாட்டினம் மெத்தனாலோடு கொள்ளும் உறவைப் பெட்ரோலோடு கொள்வதில்லை. பெட்ரோலுக்குப் பொறி வேண்டும்.

வரலாறு இங்கே ஒரு குட்டிக்கரணம் அடிக்கிறது. பழைய எரிபொருள் பெட்ரோல், புதியது நைட்ரோ என்றே வைத்துக்கொண்டாலும் பொம்மை உலகில் பெட்ரோல் இருமுறை பிறந்தது. 1934-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பிரவுன் ஜூனியர் என்ற குட்டி விமான என்ஜின் பெட்ரோலில் ஓடியது. பொறிக்காக அதற்கு ஒரு சுருள், ஒரு கண்டென்சர், பேட்டரி எல்லாம் வேண்டியிருந்தது. விமானம் தூக்க வேண்டிய சுமையில் பெரும்பங்கு இந்தத் தட்டுமுட்டுச் சாமான்களே. ஆர்டனின் பிளக் வந்ததும் அத்தனையையும் கழற்றி எறிந்தார்கள், சில வருஷத்தில் பெட்ரோல் காணாமல் போனது. பிறகு தோட்ட மெஷினின் தோளில் ஏறி, மேக்னெட்டோவோடு அது மறுபடி வந்தது. காந்தமும் சுருளும் போதும் என்று ஆனபின் பழைய சுமை இல்லை.

இப்போது ஆமணக்கு.

ஓடும் பிஸ்டனுக்கு எண்ணெய்ப் பூச்சு வேண்டும், டூ-ஸ்ட்ரோக்கில் அதை எரிபொருளோடு கலந்தே அனுப்ப வேண்டும். கடையில் கிடைக்கும் டூ-டி ஆயிலை மெத்தனாலில் ஊற்றினால் கலக்காது, தனியே பிரிந்து நிற்கும். விளக்கெண்ணெய் கலந்துவிடும். பெட்ரோலில் நேர்மாறு: அங்கே டூ-டி ஆயில் சட்டென்று கரையும், விளக்கெண்ணெய் சரியாகக் கரையாது. காரணம் ரிசினோலிக் அமிலம் என்ற ஒரே பொருள். ஆமணக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பத்தில் ஒன்பது பங்கு வரை அதுதான். கடலை எண்ணெய், நல்லெண்ணெயில் இல்லாத ஒரு ஆக்ஸிஜன்–ஹைட்ரஜன் கிளை அதன் சங்கிலியின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கிறது. மெத்தனால் போன்ற ஆல்கஹாலின் மூலக்கூறிலும் அதே கிளை உண்டு. இனம் இனத்தோடு சேர்கிறது. அதே கிளைதான் இந்த எண்ணெய்க்கு அந்தப் பிசுபிசுப்பையும் உலோகத்தை விடாமல் பற்றும் குணத்தையும் தருகிறது. அளவுமீறிச் சுட்டால் மற்ற எண்ணெய்கள் ஆவியாகிப் போகும் இடத்தில் விளக்கெண்ணெய் கெட்டிப்பட்டு ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. பின்னால் அந்தப் பழுப்புப் படலத்தைச் சுரண்டி எடுப்பது தனித் தொல்லை. இன்றைய எரிபொருள்களில் செயற்கை எண்ணெயும் சேர்கிறது, ஆனால் விளக்கெண்ணெயை முழுசாக விட்டவர்கள் குறைவு.

பெட்ரோலில் கரையாத அந்தக் குணமே முதல் உலகப் போரில் விமானங்களை ஓட்டியது. அன்றைய நோம் வகை சுழல் என்ஜின்களில் பெட்ரோல் கலவை என்ஜினின் வயிறு வழியாகவே போகும். வேறு எண்ணெயாக இருந்தால் பெட்ரோல் கழுவிக்கொண்டு போய்விடும், விளக்கெண்ணெய் நின்றது. எரியாத எண்ணெய் முகத்தில் தெறித்துத் தெறித்து விமானிகளுக்கு வயிறு கலங்கியதாகக் கதைகள் உண்டு. சின்ன வயதில் விளக்கெண்ணெய் குடிக்க வைக்கப்பட்ட தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காஸ்ட்ரால் என்ற ஆயில் கம்பெனியின் பெயரும் 1909-இல் இந்த எண்ணெயிலிருந்தே பிறந்தது. உலகத்தின் ஆமணக்கில் பெரும்பகுதி இந்தியாவில் விளைகிறது, அதிலும் குஜராத்தில். தமிழ்நாட்டிலும் இதற்கென்று ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம். ஒய்.ஆர்.சி.ஹெச்-1 என்ற வீரிய ஒட்டு ஆமணக்கை 2009-இல் வெளியிட்டது அதுதான். நைட்ரோ கார் போகிற வழியில் விட்டுப்போகும் அந்தத் தித்திப்பான புகை வாசனை ஆமணக்குக் கொட்டையின் வாசனைதான்.

ஓட்டுகிறவர் கையில் இந்த இரண்டும் எப்படி நடந்துகொள்கின்றன? பெட்ரோல் காரை எடுத்தால் சோக்கைப் போட்டு நாலு இழுப்பு, கிளம்பிவிடும். ஒரு டாங்க் முக்கால் லிட்டர் போலப் பிடிக்கும், அரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். அலுத்துப்போவது நாம்தான்.

நைட்ரோவோ நாழிகைக்கொரு குணம். அதன் பிஸ்டனில் ரிங் கிடையாது. பித்தளை உருளைக்குள் குரோமியப் பூச்சு, அதற்குள் அலுமினியப் பிஸ்டன். உருளை மேலே போகப் போகக் குறுகும். ஆறிய என்ஜினின் ஃப்ளைவீலைக் கட்டைவிரலால் திருப்பிப் பாருங்கள், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது கிச்சென்று இறுகி நிற்கும். கெட்டுப்போய்விட்டதோ என்று புதியவர்கள் பயப்படுவார்கள். அது கெட்டால்தான் இறுகாது. சூடேறினால் பிஸ்டனின் அலுமினியத்தைவிடப் பித்தளை அதிகமாக விரிந்து, நூறு டிகிரிக்கு மேல் போனபின் இரண்டுக்கும் நடுவே சரியான இடைவெளி பிறக்கும். குளிரில் வலுக்கட்டாயமாகக் கிளப்பினால் கனெக்டிங் ராடு அடிபடும். அதனால் கிளப்புவதற்கு முன் தலையைச் சுடுகாற்றால் சூடேற்றுகிறார்கள்.

அதற்குப் பிறகு ட்யூனிங். கார்புரேட்டரின் நீடிலை எவ்வளவு திறப்பது என்பதைக் கடிகாரக் கணக்கில் பேசுவார்கள்: ஒரு மணி நேரம் மூடு, இரண்டு மணி நேரம் திற. ஒரு மணி நேரம் என்றால் ஸ்க்ரூ பன்னிரண்டில் ஒரு பங்கு திரும்ப வேண்டும். எரிபொருள் கூடினால் நீலப் புகை தள்ளும், இழுவை மந்தமாகும். குறைந்தால் கீச்சுக் குரல் ஏறும், வேகமும் கூடும், சந்தோஷமாக இருக்கும். அடுத்த நிமிடம் தலை வெந்து பிஸ்டன் போய்விடும். என்ஜின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பது பழைய முறை. இரண்டு மூன்று நொடி கொதித்து மறைந்தால் சரி, விழுந்ததும் துள்ளி ஓடினால் ஆபத்து. இன்றைக்குத் துப்பாக்கி வடிவ வெப்பமானி வந்துவிட்டது.

காற்றுதான் எல்லாம் என்பது இங்கே திரும்பவும் வருகிறது. சென்னையின் ஈரக்காற்றில் ட்யூன் செய்ததைத் திருவண்ணாமலையின் சித்திரை வெயிலுக்குக் கொண்டுவந்தால் நீடிலைத் தொட வேண்டும். ஊட்டிக்குக் கொண்டுபோனால் கட்டாயம் தொட வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடுகிறது. பெட்ரோல் என்ஜினுக்கும் இந்த விதி உண்டு, ஆனால் அது பொறுத்துப்போகும்.

பந்தயத்தில் எட்டில் ஒரு பங்கு ஆஃப்-ரோடு கார்களுக்கு டாங்க் 125 சி.சி.க்கு மேல் கூடாது என்பது சர்வதேச விதி. அது எட்டுப் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது, அதனால் நிஜப் பந்தயம்போலவே பிட் நிறுத்தம், சில நொடியில் எரிபொருள் ஊற்றல் எல்லாம் உண்டு. நம் பொறியியல் மாணவர்களுக்கும் இந்த ருசி தெரியும். மும்பை ஐ.ஐ.டி.யின் டெக்ஃபெஸ்ட் விழாவில் 'ஃபுல் த்ராட்டில்' என்ற பெயரில் என்ஜின் வைத்த ரிமோட் கார்ப் பந்தயம் நடந்திருக்கிறது. என்ஜினை மட்டும் வாங்கிச் சேஸிஸை மாணவர்களே கட்டுவார்கள். இன்று உலகெங்கும் லித்தியம் பேட்டரி கார்கள் வேகத்தில் இரண்டு வகையையும் முந்திவிட்டன. சத்தமும் வாசனையும் வேண்டுகிறவர்கள்தான் என்ஜினோடு மல்லுக்கட்டுகிறார்கள். அதில் தவறில்லை.

மெத்தனாலைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கி. கார்த்திகை தீபத்தின் சுடர் பல மைல் தூரத்துக்குத் தெரிவது ஏன்? நெய்யின் நீண்ட கார்பன் சங்கிலிகள் உடைந்து சுடருக்குள் நுண்ணிய கரித்துகள்களாகி, பழுக்கக் காய்ந்து மஞ்சளாக ஒளிர்வதால். மெத்தனாலின் மூலக்கூறில் ஒரே ஒரு கார்பன்தான், கோத்துக்கொள்ள இன்னொன்று இல்லை. கரி உண்டாகாது. வெயிலில் மெத்தனால் எரிந்தால் சுடர் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மங்கல். கை சுட்டபிறகுதான் தீ இருப்பது தெரியும். நைட்ரோ எரிபொருளில் எண்ணெய் இருப்பதால் சற்றே நிறம் வரலாம், அதை நம்பக் கூடாது. ஒரு சௌகரியம், மெத்தனால் தண்ணீரில் கரையும் என்பதால் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன்மேல் மிதந்து பரவும்.

எரிவதைவிடக் குடிப்பதே பெரிய அபாயம். திருவண்ணாமலையை ஒட்டிய கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது மெத்தனால் கலந்த சாராயம். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனாலை உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1959 முதலே விதி இருக்கிறது. நைட்ரோமீத்தேனுக்கும் பெயர் கெட்டிருக்கிறது. வெடிமருந்தாக மாற்ற முடியும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் 16 சதவீதத்துக்கு மேல் அதைக் கொண்ட கலவையைப் பொதுமக்களுக்குத் தாராளமாக விற்க விடுவதில்லை. அங்கே பந்தயக்காரர்களும் கலவையைக் குறைத்துக்கொண்டார்கள்.

என்னைக் கேட்டால், நைட்ரோ என்ஜின்தான் அழகு. ஒரு கம்பியை நம்பிப் பொறியில்லாமல் நொடிக்கு 500 முறை தீ மூட்டும் 3.5 சி.சி. அதிசயத்துக்கு முன்னால் புல் வெட்டும் மெஷினின் தம்பி நிற்க முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் பிள்ளைக்கு ஒரு என்ஜின் கார் வாங்கித்தர நினைக்கிறவருக்குப் பெட்ரோல் காரையே சொல்வேன். எரிபொருள் எந்தப் பங்கிலும் கிடைக்கும், கெட்டுப்போனால் பிரஷ் கட்டர் ரிப்பேர் செய்யும் கடைக்காரரே பிரித்துப் பார்த்துவிடுவார். ஓட்டும் இடத்தை மட்டும் யோசியுங்கள். பத்து கிலோ கார் வேகமாக வந்து காலில் மோதினால் எலும்பு முறியும். ஆள் நடக்கும் சாலை வேண்டாம், கிரிவலப் பாதை வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே நைட்ரோ கார் வைத்திருக்கிறீர்களா? ஓட்டி முடித்ததும் டாங்கைக் காலிசெய்து, என்ஜினுக்குள் நாலு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். மிச்ச மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். எரிபொருளை அது வந்த டப்பாவிலேயே, பூட்டி வையுங்கள். ரோஸ்மில்க் நிறத்திலும் நீலத்திலும் சாயம் போட்டு விற்கிறார்கள், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தால் குழந்தை சர்பத் என்று நினைக்கும். பத்து மில்லியே பார்வையைப் பறிக்கக்கூடும், முப்பது மில்லி உயிரையே எடுக்கக்கூடும். குடித்தவுடன் ஒன்றும் தெரியாது, உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாற அரை நாளோ ஒரு நாளோ ஆகும். யாராவது ஒரு வாய் விழுங்கிவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மெத்தனாலுக்கு மாற்று மருந்து உண்டு, நேரத்தோடு போனால் அது வேலை செய்யும்.